எல்லோருக்கும் ஒரே முகவரி

மலையூரான ஜமுனாமரத்தூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் வெற்றிவேலுக்கு, அதே ஊர்க்காரி ரேணுகாதேவியின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். சாமை சாகுபடிக்கு அவள் ஒரு கையேடு எழுதி, அதற்கு இணையதளமும் செய்திருந்தாள். மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் போதும், சர்வரில் அவள் எழுதிவைத்த நிரல் கையேட்டை அனுப்பிவிடும். ஊரே மெச்சியது.

"மலையில எவன் ஈமெயில் வச்சிருக்கான்? பெரிய இதுவா அவ?" என்று பொருமினான்.

மறுநாள் அவனுடைய மின்னஞ்சலில் நூற்றுப்பன்னிரண்டு கையேடுகள் வந்து கிடந்தன. இத்தனை வருடமாக, மின்னஞ்சல் இல்லாமல் கடைக்கு வந்த எல்லாருடைய விண்ணப்பத்திலும் தன் மின்னஞ்சல் முகவரியைத்தான் போட்டுக்கொடுத்திருந்தான். அவர்களும் ரேணுகாதேவியின் தளத்தில் அதையே தங்கள் முகவரியென்று தட்டியிருந்தார்கள்.

சாமை விதைக்கும் ராணியம்மாள் முதல் ஆளாக வந்தாள். "இன்னா தம்பி, நம்ம ஈமெயிலுக்கு வந்துச்சா? பிரிண்ட் எடுத்துக் குடு."

நாள் முழுக்க, தாளுக்குத் தாள் அடியில் ரேணுகாதேவியின் பெயரை அவனே அச்சடித்துக் கொடுத்தான்.