பதினொரு பேருக்கு அப்பா

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அப்பா, நான், மேசைக்கு அந்தப் பக்கம் அரசாங்க வீட்டுப் பகுதி அதிகாரி, சன்னலோரம் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு பெண். அம்மா வரவில்லை. ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் குறைவு என்று தோட்டத்து மண்டோர் விடவில்லை. என் கூட்டாளியும் வரவில்லை. யோசனை மட்டும் அவனுடையது. அப்பாவுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்ததாகக் காகிதத்தில் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் இல்லாதது நல்லது என்றுதான் உள்ளே நுழையும்போது நினைத்தேன்.

கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்தோம். அந்த ஆண்டுக் கடைசியில் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்து வேலையும் முடிகிறது. அதன்பின் மூன்று மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். போக வேறு இடம் இல்லை. டவுன் பக்கம் அறுபது மலிவு விலை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்கு முந்திய ஆண்டே மனுப் போட்டிருந்தார். ஒரு நாள் அலுவலக அறிவிப்புப் பலகையில் பட்டியலைப் பார்த்தேன். அப்பாவின் பெயர் நாற்பத்து மூன்றாவது. அன்று சைக்கிளை எப்படி மிதித்து வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

என் கூட்டாளிதான் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டான். அவன் ரவாங்கில் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்தான். ஊர் விஷயம் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர்.

"நாப்பத்து மூணா? அதெல்லாம் நம்பாதடா. சாவி குடுக்குற அன்னிக்கு வரைக்கும் லிஸ்டு மாறும்."

"அறுவது வீடு இருக்குலா. நாப்பத்து மூணு உள்ளதான வருது?"

"படிச்சவன் பேசுற பேச்சாடா இது? எங்க மச்சானுக்குப் பதினாலு லெட்டரு. ஃபைலு தலகாணி மாதிரி இருந்துச்சு. வீடு கெடச்சிச்சா இல்லியா? ஒங்கப்பா ஃபைலு அப்பளம்டா. காத்தாடியப் போட்டா பறந்துரும்."

ஃபைல் தடித்தால் மேலே போகும். முத்திரை குத்திய கடிதம் ஒன்று, குத்தாத கடிதம் மூன்றுக்குச் சமம். யார் எழுதினாலும் கணக்கு கணக்குத்தான். கோப்பிக் கடையில் இதையெல்லாம் எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த அலுவலகத்துக்குள் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரை முடித்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பாவுக்காக என்னால் செய்யக்கூடியது எழுத்து வேலைதான் என்று நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதைச் செய்து காட்ட ஆசைப்பட்டேன் என்பதே சரி.

தோட்டத்து ஆபீஸ் கிராணி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தட்டச்சு இயந்திரத்தை எனக்குக் கொடுத்தார். அதில் 'k' எழுத்து மட்டும் வரிக்கு மேலே துள்ளி நிற்கும். மலாயில் ஒரு கடிதத்தை அழகாக எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "இவர் எனக்குச் சொந்தத் தகப்பனைப் போன்றவர்." பிடித்துப்போனதால் எல்லாக் கடிதத்திலும் அதைப் போட்டேன்.

முடிவெட்டுகிறவர், பஸ் கண்டக்டர், கோயில் பூசாரி, பந்து விளையாட்டுக் குழுச் செயலாளர் என்று தேடித் தேடிப் போனேன். யாரும் படித்துப் பார்க்கவில்லை. "அப்பாவுக்குத்தானப்பா, குடு" என்று கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேருக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது. நான் தட்டிய ஒன்றில் கூட்டாளி தன் முதலாளியின் கையெழுத்தை வாங்கி வந்தான். பதிலுக்கு அவன் அம்மாவின் மனுவுக்கு நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாளை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கோப்பிக் கடையில் முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் முப்பது வெள்ளி கொடுத்து, நான் தட்டிய இன்னொன்றில் ஏதோ ஒரு சங்கத் தலைவர் பெயரில் முத்திரை குத்தி வாங்கினேன்.

பதினொன்றாவது, ஜெராம் மீன் தவுக்கே, மீன் கொட்டகை முதலாளி. அப்பா பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் மீன் கூடை இறக்கப் போவார். மனுப் போட்ட சமயத்தில் அப்பா தானாகவே அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தார். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நான்கு வரி. மலாய் முழுக்கத் தப்பு. தாள் மீன் நாற்றம் அடித்தது.

"இதப் போயி ஆபீசுல குடுக்காதீங்கப்பா. சிரிப்பாங்க."

"ஏன் தம்பி, அவருக்குத்தான் என்ன நல்லாத் தெரியும்."

"எழுத்தெல்லாம் தப்பா இருக்குப்பா."

அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு அது முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பதிலாகத் தவுக்கே பெயரில் நல்ல மலாயில் ஒன்று தட்டினேன். ஜெராமுக்குப் பஸ் ஏறிப் போய், அந்த மீன் கொட்டகையில் நின்று கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நானே கிறுக்கிவிட்டேன். பதினொன்றையும் ஒரே உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்து, பதிவு ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் அப்பாவை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "பாத்தியா, வேல செய்யுது" என்றான் கூட்டாளி. அப்பா கல்யாணத்துக்குப் போடும் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி நல்ல மனிதர். மலாயில்தான் பேசினார். பதினொரு கடிதத்தையும் மேசைமேல் சீட்டு விரிப்பதுபோல வரிசையாக வைத்தார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு, துவான்."

"இங்க பதினோரு பேர் இருக்காங்களே. எல்லாரும் உங்களை அப்பான்னு சொல்றாங்க." ஒன்றை எடுத்தார். "இவர் கோயில்ல பூசை செய்யறவர். வயசு எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு. இவருக்குமா நீங்க அப்பா?"

சன்னலோரம் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெரியவர்கள் சிரித்தால் காரியம் நல்லபடியாகப் போகிறது என்பது அவர் கணக்கு. சிரித்தபடியே என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

அதிகாரி பென்சிலால் ஒவ்வொரு கடிதத்திலும் துள்ளி நிற்கும் 'k'யைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ஃபைலுக்குள்ளிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்துத் தவுக்கேயின் தட்டச்சுக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மீன் நாற்றம் இன்னும் லேசாக இருந்தது.

"இதுல எது அவர் கொடுத்தது?"

அப்பா படிக்கத் தெரியாதவர். யோசிக்காமல் நோட்டுத் தாளைத் தொட்டார். "இது, துவான்."

"அப்ப இது?"

அப்பா அந்தத் தட்டச்சுத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அதுவும் நான்தான் கேட்டு வாங்கினேன், துவான்."

அதிகாரி என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நான் பேசுவதற்காகத்தான் அவர் காத்திருந்தார். சுவரில் இருந்த நாட்காட்டியில் ஒரு டிராக்டர் படம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டுத் தாளை அவரே மெதுவாகப் படித்தார். "இந்த ஆளு என் இடம் வேலை பதினெட்டு வருஷம். ஒரு மீன் கேக்காம எடுத்தது இல்லை. அடுத்த வருஷம் அவர் வேலை முடிஞ்சா வீடு இல்லை. தயவு." படித்துவிட்டுச் சொன்னார்: "இதை வச்சுத்தான் நான் ஜெராமுக்குப் போய் விசாரிச்சேன். இதுக்குத்தான் நாப்பத்து மூணு. மத்ததை நான் மட்டும் பார்த்திருந்தா குப்பையில போட்டிருப்பேன். ஆனா எல்லாத்துக்கும் பதிவு நம்பர் விழுந்தாச்சு. பொய்க் கையெழுத்து இருக்கிற மனுவை வச்சுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ரத்துதான். அடுத்த திட்டத்துக்குப் புதுசா போடுங்க."

அப்பா எழுந்து நின்று நன்றி சொன்னார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர், "பூசாரிக்கு எழுவத்திரண்டா? அறுவதுக்குள்ளதான்னு நெனச்சேன்" என்றார். பஸ் வந்தபோது, ஏறுவதற்கு முன், "தவுக்கேக்குத் தெரிய வேணாம்" என்றார். அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் இருக்கிறேன். வேலை மனுக்கள் என் மேசைக்குத்தான் முதலில் வரும். ஆதரவுக் கடிதம் நிறைய இருக்கும் மனுவைத் தொட்டதும் எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. எழுதியவர் யார், இந்த ஆளை அவருக்கு எப்படித் தெரியும், இவ்வளவுதான் பார்ப்பேன். கடிதமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்பாவை நாற்பத்து மூன்றில் உட்கார வைத்ததும் ஒரு கடிதம்தான். கூட்டாளியின் மச்சான் கதையும் பிறகு தெரிந்தது. அவர் ஆறு வருஷம் முந்தியே மனுப் போட்டவர். முறை வந்தது, வீடு வந்தது. அந்தப் பதினாலு கடிதமும் ஃபைலில் ஒட்டிய உறைக்குள்ளேயே கிடந்ததாம், யாரும் பிரிக்காமல்.

புது மனுவுக்கு அப்பா தனியாகவே ஜெராமுக்குப் போய்வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. தவுக்கே அதே நான்கு வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்தார். மனுவோடு அது ஒன்றுதான் போயிற்று.

லயத்தை விட்டு இறங்கி, பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். மாதம் தொண்ணூறு வெள்ளி. மழை பெய்தால் பின் அறைக்குள் தண்ணீர் வரும். அப்பா கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார். அடுத்த திட்டத்தில் வீடு கிடைக்க இருபத்தாறு மாதம் ஆயிற்று. அந்த வாடகையை அப்பா ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். முத்திரைக் கட்டைக்காரருக்குக் கொடுத்த முப்பதையும் சேர்த்து, இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது வெள்ளி.