கேட்டதால் கிடைக்காமல் போன ஐஸ்கூல்

1. தண்டவாளத் துண்டு

நான் அட்டெண்டராக வேலைக்குச் சேர்ந்தது புதுக்கோட்டை டவுனில் ஒரு ஐஸ்கூலில், அதாவது ஹைஸ்கூலில். முதல் நாள் காலையில் ஹெட்கிளார்க் என்னை வராந்தாவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவதுங்க. ஈ.எஸ்.எல்.சி. பாஸ்."

"எங்க?"

"எங்க ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்துலங்க."

"அஞ்சாவது முடிச்சதுமே ஏன்யா ஐஸ்கூலுக்கு வரல? இந்தா, ஒங்க ஊர்லேருந்து பஸ்ஸு வருதுல்ல?"

எனக்குப் பேச்சு குறைவு. அன்றைக்கு அதைவிடக் குறைவாக இருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சரி, வா, மணியடிக்கக் கத்துக்க."

மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. நான் அடித்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "பூசைக்கு அடிக்கிற மாதிரி இழுத்து இழுத்து அடிக்காதய்யா. பயலுக முழங்கால் போட்டுருவானுக. வெட்டி அடி."

வெட்டி அடித்தேன். பிள்ளைகள் ஓடி வகுப்புக்குள் போனார்கள். நான் வெளியே நின்றேன். ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, மரத்துக்கு நேர் எதிரே இருந்தது. அந்த வகுப்பில் எனக்கு ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். அது எப்படிப் போயிற்று என்று ஹெட்கிளார்க்கிடம் சொல்லவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் அதையே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. அப்பா கேட்கப் போனது

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். கடலை போடுகிற செம்மண். ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மாதா கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். கோயில் பாதிரியாரான பங்குச் சாமியார்தான் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர். எட்டாவது வரை அங்கேயே படிக்கலாம். ஆனால் மேலே போக நினைக்கிறவர்கள் ஐந்தாவது முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு ஐஸ்கூலில் ஃபர்ஸ்ட் ஃபாரம் சேர்ந்துவிட வேண்டும். எட்டாவது வரை இருந்துவிட்டால் இங்கிலீஷ் போதாது, ஐஸ்கூலில் எடுக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் மதராஸோடு சேர்ந்த வருஷம் நான் ஐந்தாவது முடித்தேன். வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். தலைமை வாத்தியார் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார்.

"சவரிமுத்து, டி.சி. எழுதித் தாரேன். வாங்கிட்டு நேரா டவுனுக்குப் போயிரு. சாமிகிட்டப் போய் நிக்காத."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிங்க? பெறகு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"கடலைமண்டிக்காரரு மகன் என்ன, சாமிகிட்டச் சொல்லிட்டா போறான்?"

"அவுக பெரிய ஆளுக."

வாத்தியார் சொன்னது உண்மை. கடலைமண்டிக்காரர் எங்கள் பங்குதான். அவர் மகனும் என் வகுப்புதான். அவனுக்கு அந்த வாரமே டி.சி. வாங்கியாயிற்று. அவர் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கட்டளை இருந்தது. வேதக்காரப் பிள்ளைகள் வேதக்காரர் நடத்தாத பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமென்றால் உத்தரவு வாங்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேச மாட்டார்கள். அப்பா அதைப் பேசப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

சாமியார் பங்களாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். சாமியார் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"டவுன் பள்ளிக்கூடமா? அங்க சரஸ்வதி பூசை வைப்பானே, தெரியுமா? பொரி கடலை குடுப்பான். ஒன் மகன் வாங்கித் திம்பான். அவன் ஆத்துமத்துக்கு யாரு பொறுப்பு? நீயா?"

"நான் சொல்லி வளப்பேங்க சாமி."

"திருச்சியில நம்ம சாமியார்க நடத்துற ஐஸ்கூல் இருக்கு. போர்டிங்கும் இருக்கு. அங்க சேரு."

"அதுக்கு எனக்கு வசதி இல்லைங்க சாமி."

"வசதி இல்லைன்னா இங்கயே எட்டாவது வரைக்கும் படிக்கட்டும். என்ன கொறஞ்சு போச்சு?"

அப்பா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. "சாமி உத்தரவு குடுத்தாப் போதுங்க" என்றார்.

"நான் குடுக்க முடியாது. மேற்றிராணியார் ஆண்டவர்தான் குடுக்கணும். எழுதிக் கேக்குறேன். பதில் வர்ற வரைக்கும் பொறு. அதுக்கு முன்னால பையனைக் கொண்டுபோய்ச் சேத்தேன்னு காதுல விழுந்துச்சு, ஒன் மகள் ஓலைய வாசிக்க மாட்டேன்."

அக்கா ஞானம்மாளுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தது. எங்கள் வழக்கத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிக்க வேண்டும். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். ஓலை வாசிக்காவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சரிங்க சாமி" என்றார்.

மூன்று ஓலையும் வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. மேற்றிராணியாரிடமிருந்து, அதாவது பிஷப்பிடமிருந்து, பதில் வரவில்லை. சாமியார் எழுதினாரா என்பதே எனக்குத் தெரியாது. அதற்குள் டவுனில் அட்மிஷன் முடிந்துவிட்டது. அந்த வருஷம் நான் ஆறாவதில் அதே கோயில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாமியாரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

கடலைமண்டிக்காரர் ஒரு நாள் கண்மாய்க்கரையில் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நீ எதுக்குய்யா போய்க் கேட்ட? கேட்டா அவரு வேற என்ன சொல்லுவாரு?" அந்த வருஷ மாதா கோயில் பெருநாளில் சப்பரத்துக்கு முன்னால் பெரிய மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு போகிற மரியாதையும் அவருக்குத்தான் கிடைத்தது.

அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம், "என்னாலதானடா ஒன் படிப்பு போச்சு" என்று அழும். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம் என்று சொல்லவும் முடியாது.

3. அட்மிஷன் வாரம்

அட்டெண்டர் வேலையில் வருஷம் முழுக்க நம்மை "ஏய்" என்று கூப்பிடுவார்கள். அட்மிஷன் வாரத்தில் மட்டும் ஊர்க்காரர்கள் "சார்" என்பார்கள். அந்த வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தம்பிகளுக்குச் சொல்கிறேன். வந்தவர்களை வெயிலில் நிற்க விடாதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். டி.சி. இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வரிசைப்படி உள்ளே அனுப்புங்கள்.

மணமேல்குடியிலிருந்து ஒரு மரைக்காயர் மகனைச் சேர்க்க வந்திருந்தார். உட்கார்ந்திருந்த நேரத்தில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "பள்ளிவாசல்ல கேட்டுட்டுத்தான் சேக்குறீங்களா பாய்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவுகள்ட்ட தொழுகை பத்திக் கேக்கலாம். அல்ஜீப்ரா பத்தி அவுகளுக்கு என்னய்யா தெரியும்?"

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். என் கடைசித் தங்கச்சி செசிலி அந்த வருஷம் ஐந்தாவது முடித்திருந்தாள், அதே கோயில் பள்ளிக்கூடத்தில். நான் டவுனில் குடும்பம் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தங்க வைத்துப் பெண்கள் ஐஸ்கூலில் சேர்க்கலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அப்பா மறுக்கவில்லை. ஆனால், "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுறேன்" என்றார். அந்தப் பழைய சாமியார், வயதான காலத்தில் திரும்பவும் எங்கள் பங்குக்கே வந்திருந்தார். அப்பா போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் ஃபர்ஸ்ட் ஃபாரம் நிறைந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "யார் வந்தாலும் அட்மிஷன் முடிஞ்சதுன்னு சொல்லி அனுப்பிடு. உள்ள விடாத" என்றார். அரிமளத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்திருந்தார். முடிந்துவிட்டது என்றேன். அவர் நம்பாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றது. வெள்ளை அங்கி போட்ட சாமியார் இறங்கினார். தாடி நரைத்திருந்தது. நடை மாறவில்லை. கூட ஒரு பையன்.

எங்கள் பங்குச் சாமியாரேதான். அட்மிஷன் முடிந்தது சாமி என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு உத்தரவும் இருந்தது. வாயைத் திறந்தேன். "தோத்திரம் சாமி" என்றுதான் வந்தது. அவர் கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

அரிமளத்துக்காரர் என்னைப் பார்த்தார். "முடிஞ்சதுன்ன? சாமியாருக்குக் கதவு வேறயா?"

உள்ளேயிருந்து காபி வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"என் தங்கச்சி மகன் சார்" என்று சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். "என்கூடத்தான் இருக்கான். டாக்டருக்குப் படிக்கணும்கிறான்."

"ஒங்களுக்கே ஐஸ்கூலெல்லாம் இருக்கே, ஃபாதர்?" என்றார் ஹெட்மாஸ்டர் சிரித்தபடி.

"திருச்சி தூரம் சார். சின்னப் பையன், போர்டிங்ல வாடிப்போவான். இங்க சயின்ஸ் லேப் நல்லா இருக்குன்னாங்க. படிப்பு எங்க இருந்தா என்ன?"

நான் காபியை மேஜையில் வைத்தேன். டம்ளரைச் சாமியார் பக்கம் நகர்த்தினேன்.

வெளியே வரும்போது சாமியார் என் முன்னால் நின்றார். "தோத்திரம்னியே, நீ நம்ம ஆளா? எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன்.

"அட, சவரிமுத்து மகனா!" முகம் மலர்ந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "பாத்தியா, சர்வேசுரன் ஒன்னை எப்படியும் இந்தப் பள்ளிக்கூடத்துலயே கொண்டாந்து சேத்துட்டாரு! பையனைக் கொஞ்சம் பாத்துக்க."

"சரிங்க சாமி" என்றேன்.

கார் போய்விட்டது. அரிமளத்துக்காரர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பையன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

4. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தலைமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ரிட்டயர் ஆகிற வயது. நான் ஒன்றும் விளக்கவில்லை. "செசிலி டி.சி. வேணுங்க சார்" என்றேன்.

"ஒங்க அப்பன் சாமிகிட்டக் கேட்டானா?"

"கேக்கலைங்க."

"நீ?"

"நானும் கேக்கலைங்க."

அவர் என்னையே பார்த்தார். "இதுக்கு இம்புட்டு வருஷம் ஆச்சுடா ஒங்க குடும்பத்துக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

அப்பா காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பகல் பஸ்ஸில் செசிலியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் ஐஸ்கூலில் சேர்த்தேன். அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பயந்துபோனார்.

"சாமிகிட்டக் கேட்டியா?"

"இல்லப்பா."

"ஐயோ, நாளைக்குப் பூசையில நன்மை அப்பம் குடுக்க மாட்டாருடா. ஊரு பாக்க கிராதியில என்னைத் தாண்டிப் போயிருவாரு."

"தாண்டிப் போனாப் போகட்டும்."

"ஒனக்கென்ன, நீ டவுன்ல இருக்க."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பா எல்லோருக்கும் கடைசியில் போய், பீடத்துக்கு முன்னால் இருந்த தடுப்பான கிராதியில் முழங்கால் போட்டார். நான் பின்னால் தூணருகே நின்றேன். சாமியார் ஒவ்வொருவராக நன்மை கொடுத்துக்கொண்டே வந்தார். அப்பாவின் முன்னால் வந்தார். நின்றார். அப்பா கண்ணை மூடி நாக்கை நீட்டினார். சாமியார் நன்மையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. பூசை முடிந்து வாசலில் சாமியார் அப்பாவைப் பார்த்து, "சவரிமுத்து, ஒன் சின்ன மகளை டவுன்ல சேத்தாச்சாமே? நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குள் போய்விட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஆத்தா சோறு போட்டது. அவர் கை வைக்கவில்லை.

"அப்ப அன்னைக்கும்..." என்றார்.

நானும் அதை முடித்து வைக்கவில்லை. ஆத்தாவுக்கு ஒன்றும் புரியாமல், "என்ன, உப்புக் கொறவா?" என்று கேட்டது. அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும் வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

செசிலி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். சாமியாரின் தங்கை மகனும் முடித்தான். அவன் எங்கள் பள்ளியில் படித்த வருஷங்கள் முழுவதும் அவனுக்கும் நான்தான் மணியடித்தேன். நல்ல பையன். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சாமியார் மேல் வருத்தம் உண்டா என்று தம்பிகள் கேட்பீர்கள். உண்டு. கட்டளை கட்டளை என்று சொன்னவருக்குத் தன் வீட்டுப் பிள்ளை என்று வந்ததும் அது ஞாபகத்திலேயே இல்லை. எங்களைக் கெடுத்ததைக்கூட அவர் கெடுத்ததாக நினைக்கவில்லை. எங்களைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அட்மிஷன் வாரத்தில் யாராவது வந்து, வராந்தாவில் தயங்கி நின்று, "பிள்ளையச் சேக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். யாரைக் கேட்டீர்கள், யார் சொன்னார்கள் என்றெல்லாம் நீங்கள் கேட்காதீர்கள். டி.சி. இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் கதவைத் திறந்துவிடுங்கள்.