அப்பா தட்டிய பொத்தான்கள்

போன் செயலிகளையெல்லாம் ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதிய காலம் அது. ஒரு சின்ன வேலைக்கும் சதுர அடைப்புக்குறிகளை வாரி இறைக்க வேண்டும். அதை அலுக்காமல் செய்ததால் அலுவலகத்தில் அவளுக்கு 'அடைப்புக்குறி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அந்த மொழியைச் சீந்துவார் அதிகம் இல்லை. பழைய நிரல் எதிலாவது அந்தக் குறிகள் கண்ணில் பட்டால் அவளுக்கு அப்பா ஞாபகம்தான் வரும்.

அப்பா ஜவுளிக்கடையில் விற்பனையாளர். கைக்குட்டை வாங்க வந்தவரைப் பேசிப் பேசியே போர்வையோடு அனுப்பிவைக்கிற ஆசாமி. பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போனதும் வீடு வெறிச்சோடிப் போனது. அவருக்காக அவள் ஒரு செயலி எழுதினாள். பெரிய பெரிய பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால், அவள் தம்பி பேசிப் பதிந்து கொடுத்த குரல் தண்ணீர் கேட்கும், இன்னொன்றைத் தொட்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்லும். அப்பா இடது கையால் தட்டித் தட்டியே வீட்டை ஆட்டிவைத்தார். என்ன அருமையான நாட்கள்.

அவளுக்குத்தான் கை சும்மா இருக்காதே. திரைக்கான நிரல் கண்டபடி வீங்கிவிட்டதென்று, தட்டல்களைக் கவனிக்கும் பொறுப்பை ஆப்ஜெக்ட் என்கிற தனி நிரல்துண்டு ஒன்றிடம் ஒப்படைத்தாள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பூரிப்பில், தட்டிப் பார்க்காமலே அப்பாவின் போனில் ஏற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது போன் கட்டிலுக்கடியில் கிடந்தது.

"தொட்டாலே மூடிக்குது. தான்தான் கெடுத்துட்டோம்னு நினைச்சுட்டாரு. தண்ணிகூட கேக்கல," என்றாள் அம்மா.

போனைக் கையில் கொடுத்தால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சையும் பிடுங்கிக்கொண்டது அவள்தானே. இனி அவர் போனைத் தொடவே மாட்டாரோ என்று பயந்தாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து நிரலைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். தட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது பொத்தானுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆளை அது பிடித்து வைத்துக்கொள்ளாது. அவளோ ஆப்ஜெக்டை உண்டாக்கி, யார் பொறுப்பிலும் விடாமல் நடுத்தெருவில் நிறுத்தியிருந்தாள். அப்பா விரலைத் தூக்கும் முன்பே அது நினைவகத்திலிருந்து போய்ச் சேர்ந்திருந்தது. இல்லாத ஆளைக் கூப்பிட்டுச் செயலியும் படுத்துவிட்டது. அந்த ஆப்ஜெக்டைத் திரையின் நிரலே பிடித்து வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தாள். இந்த முறை எல்லாப் பொத்தான்களையும் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க மேல தப்பே இல்ல. நான்தான் அதைப் பிடிச்சு வச்சுக்க ஆள் இல்லாம விட்டுட்டேன்," என்று தொடங்கி, ஆப்ஜெக்ட், நினைவகம் என்று விலாவாரியாக அளக்க ஆரம்பித்தாள்.

அப்பா மெல்லத் திரும்பினார். பேரம் பேசும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தார். பிறகு போனை இழுத்து ஒரு பொத்தானைத் தட்டினார்.

"போதும், நீ போய்ச் சாப்பிடு," என்றது தம்பியின் குரல்.

அவள் தட்டை அங்கேயே கொண்டுவந்து, அவர் பார்க்கப் பார்க்க, அழுதுகொண்டே சாப்பிட்டாள்.