தோல் வாடை வீசும் நாடு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதினேன். எல்லாம் தலைகீழாக நடக்கும் ஒரு நாடு. அங்கே தோல் பதனிடுபவர்கள்தான் பெரிய மனிதர்கள். தோல் வாடை வீசுபவர்களுக்கு பஸ்ஸில் முதல் சீட். சென்ட் பூசியவர்களைப் பின்னால் போகச் சொல்வார்கள். மாப்பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்த்த பிறகுதான் பெண் வீட்டார் சம்மதம் சொல்வார்கள்.

வேலூரில் என்னோடு படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பரிசும் கிடைத்தது.

அப்பாவுக்கு ஆம்பூருக்கு வெளியே ஒரு டேனரியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு எடுப்பவர். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. மலரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவரே வாங்கி, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

“இன்னாமா இது, எங்களுக்குப் போய் முதல் சீட்டா!” என்று சிரித்தார்.

கதையின் முடிவில் ஒரு பெண் வருவாள். அவள் அப்பா பூக்கடைக்காரர், மேலெல்லாம் மல்லிகை மணம். தோழிகளோடு போகும் பஸ்ஸில் அவர் ஏறியதும், பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த இடத்தில் அப்பாவின் குரல் நின்றது. முந்தின வருஷம் மாதனூர் தாண்டி அவர் பஸ் ஏறியபோது நான் செய்தது அதுதான். கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை என்றே அவர் நம்பியிருந்தார். கவனித்தேன் என்று என் கதைதான் அவருக்குச் சொன்னது.

“நல்லாத்தான் எழுதிக்கிற,” என்று மலரை மூடிக் கொடுத்தார்.

பரிசளிப்பு விழாவுக்கு அம்மா மட்டும் உள்ளே வந்தாள். முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே டீக்கடையோரம் அப்பா நின்றிருந்தார்.

“ஏம்பா உள்ள வரல?”

“வேலையிலேர்ந்து அப்டியே வந்துட்டேன்மா. அதான்.”

பொய். சட்டையில் புது மடிப்புக் கோடு இருந்தது. கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கலாம். இவர்தான் என் அப்பா என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். அதற்குள் தோழிகள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

“போம்மா, கூப்புட்றாங்க பாரு. நாங்க பஸ் புடிச்சி போய்டறோம்.”

“சரிப்பா,” என்று போய்விட்டேன்.

அப்பா இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறார். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார், கேலிகூடச் செய்கிறார். அந்தக் கதையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

“சாப்ட்டியாமா?” என்பார்.

சாப்பிட்டேன் என்பேன்.