வெளுத்துப்போன இருபத்துநான்கு துப்பாக்கிகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். வெள்ளைக்கார துரையின் மேசைக்கு முன்னால் நின்று, உங்கள் தவறை ஒரு தச்சு மிஸ்திரியின் தலையில் போட்டீர்கள். அப்போது நம் துப்பாக்கிக் கடையில் நீங்கள் தலைமைக் குமாஸ்தா. நான் உங்களுக்குக் கீழே கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கல்கத்தாவில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் இன்று உங்களைப் பெரிய மனிதர் என்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுந்தரவனக் காட்டுக் காவலர்களுக்காக இருபத்துநான்கு துப்பாக்கிகள் கேட்டிருந்தார்கள். குழல்கள் தயார். பிடிக்கான மரக்கட்டைகளும் இழைத்தாகிவிட்டன. மேலே எதைப் பூசுவது என்பதுதான் பாக்கி. மரத்தின் ரேகை தெரிய வேண்டும், தண்ணீர் ஏறக் கூடாது. ஆவணி பிறந்தும் மழை விடவில்லை. கிடங்கில் தொங்கிய என் கோட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

மிஸ்திரி துறைமுகப் பக்கத்துக் கிடர்பூர்க்காரர், என் வயதுதான். இரண்டு மரத்துண்டுகளை என் முன்னால் வைத்தார். ஒன்றில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றதில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்தது, மங்கலாக இருந்தது. இரண்டின் மேலும் ஈரச் சாக்கைப் போட்டு மறுநாள் எடுத்தோம். அரக்கு வெளுத்திருந்தது. எண்ணெய்த் துண்டைத் துணியால் ஒரு துடை துடைத்தார், அப்படியே இருந்தது. தன் வங்காளியில் சொன்னார்:

"பாபு, இது பீரோ இல்ல. மழையில நிக்கிறவன் கையில இருக்கப் போற சாமான். எண்ணெய்தான் சரி. ஆனா அஞ்சு பூச்சு வேணும். இந்த ஈரத்துல ஒவ்வொண்ணும் காய ஒரு வாரம் ஆகும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இரண்டு துண்டுகளோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எண்ணெயாவது வெண்ணெயாவது! உம்ம மிஸ்திரி தடவுறது காயறதுக்குள்ள காளி பூஜையே வந்துடும். துர்கா பூஜை லீவுக்கு முன்னால சரக்கு போயிடும்னு துரைகிட்ட சொல்லிட்டேன்."

"ஸார், அரக்கு ஈரத்துல வெளுக்குது. இதைப் பாருங்க."

"மரத்தைப் பத்தி எனக்கு நீர் பாடம் எடுக்கிறீரா? மூட்டை எண்றதோட நிறுத்திக்கும் ஓய்."

சொல்லிக்கொண்டே காபி டம்ளரை எடுத்தீர்கள். அடியில் மேசை மேல் வெள்ளை வளையம். உங்கள் மேசையும் அரக்குப் பூசியதுதான். நான் விரலால் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். தோள் துண்டால் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தீர்கள். போகவில்லை. டம்ளரை அதன் மேலேயே திரும்ப வைத்து வளையத்தை மறைத்தீர்கள்.

"அரக்கு. மூணு பூச்சு. போய்ச் சொல்லும்."

போய்ச் சொன்னேன். மிஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு பூசினார்.

பூஜை முடிந்து சில வாரங்களில் பெட்டிகள் திரும்பி வந்தன. கட்டைகளில் தேமல் படர்ந்த மாதிரி வெள்ளை. காவலர்களின் விரல் அடையாளம்கூடப் பூச்சில் பதிந்திருந்தது. மூன்று கட்டைகளில் தண்ணீர் ஏறி விரிசல் விட்டிருந்தது.

துரை நம் மூவரையும் கூப்பிட்டார். அரக்கை முடிவு செய்தது யார் என்று கேட்டார். நீங்கள் இங்கிலீஷில் பதில் சொன்னீர்கள்: எண்ணெய் பூசத்தான் உத்தரவு, மிஸ்திரி சோம்பல்பட்டு அரக்கைத் தடவிவிட்டான். மிஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்து, "உண்மையா?" என்றார்.

அந்த அறையில் நம் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில், முகம் மாறாமல், ஏதோ தேதி ஞாபகப்படுத்துகிறவர் போலச் சொன்னீர்கள்: "ஆமான்னு சொல்லும் ஓய். ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்து உமக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு?"

"யெஸ் ஸார்" என்றேன். அந்த வார்த்தை என்னுடையது. அதை உங்கள் மேல் போட மாட்டேன்.

மிஸ்திரியை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கிக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. போன மாதம் கிடர்பூரில் பார்த்தேன். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாபு. உங்க பெரிய பாபுவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. இதுவும் நல்லா மின்னுது, முகம் பாத்துக்கலாம்."

அன்று அறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் கை நின்றது. பிறகு, வேறொரு கடையில் இப்போது ஆள் தேடுகிறார்கள் என்றும், பழைய தலைமைக் குமாஸ்தா ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க பாபு. நீங்கதான் யெஸ் ஸார் சொன்னவராச்சே."

நான் அந்தக் கடைக்குப் போய்ச் சொல்லியும் பார்த்தேன். நம்பவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சபையில் உங்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வெளுத்த மரத்துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். சால்வைக்குத் தோளைக் காட்டுவதற்கு முன்னால், அத்தனை பேர் கேட்க, அவருக்குப் புரிகிற பாஷையில் பதில் சொல்லுங்கள்: அரக்குப் பூசச் சொன்னது யார்?