ஒரே எண், இரண்டு பம்ப்

தொண்ணூறுகளில் ஒரு நடவுக் காலம். வயலில் தண்ணீர் கட்டியிருந்த நேரம் பார்த்து எங்கள் பழைய டிராக்டரின் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் உடைந்தது. அதன்மேல் வார்த்திருந்த எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள பம்பைக் காரைக்குடியில் வாங்கி வந்தேன். மாட்டினால் போல்ட் துளைகள் பொருந்தவில்லை! ஒன்றும் புரியாமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே குன்றக்குடிக்காரர் ஒருவர் அதே எண்ணுக்காக அதே சண்டையில் இருந்தார்.

"அது வார்த்த அச்சோட நம்பரு, அக்கா. ஒரே அச்சுல வார்த்தாலும் துளையை மாத்திப் போட்டா வேற பார்ட்டு, அதுக்கு வேற நம்பரு," என்றார் கடைக்காரர்.

குன்றக்குடிக்காரர் என் புதுப் பம்பை வாங்கித் தன் உடைந்த பம்பின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "என்னுதை நீங்க வாங்கிட்டுப் போயிருக்கீக. உங்களுது இந்தா," என்று தான் வாங்கியிருந்த புதுப் பம்பை நீட்டினார்.

ஒரு பம்ப் தன்னுடையதல்லாத எண்ணை நெற்றியில் ஏன் சுமக்க வேண்டும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காமலேயே அந்த வருஷம் நெல் விளைந்தது.