பறக்கும் தட்டைக் கேட்டு ஒரு கடிதம்

ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள் தொலைக்காட்சியில் தோன்றி, பறக்கும் தட்டுகளை ஆராய இரகசியத் திட்டங்கள் இருந்தன என்று அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறோர் அதிகாரியின் நினைவு வரும். அவரை நான் பார்த்ததில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்து, வோபர்ன் என்ற இடத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தோம். நான், அம்மா, அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்த மாமா. இராணுவம் தட்டுகளை ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லும் வீடியோக்களை மாமாதான் எனக்குக் காட்டுவார். ஆமி எதையும் ஒளிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடக் கணினியில் முகவரி தேடி, இந்த நாட்டு இராணுவத் தலைமையகத்துக்கே கடிதம் எழுதிவிட்டேன். ஒளித்து வைத்திருக்கும் தட்டுகளில் ஒன்றை என் மாமாவுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மாமா சப்பாத்துப் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் உடுப்புப் பை. அவரைக் கூட்டிப்போகப் பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து சிநேகிதர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் இராணுவச் சின்னம் போட்ட கடித உறை ஒன்று, அதன்மேல் திருநீறு. பிரிக்க அம்மாவுக்கும் மாமாவுக்கும் துணிவில்லை. உறையில் என் பெயர் இருந்ததுதான் அவர்களை இன்னும் கலக்கியிருந்தது.

“பிள்ளையின்ர பேரைக்கூட எடுத்திட்டாங்கள், அக்கா. இனி என்னைத் திருப்பி அனுப்பாமல் விடமாட்டாங்கள்.”

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். முதுகில் நாலு விழும் என்று காத்து நின்றேன். மாமா உறையைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தார். பதில் பிந்தியதற்கு அதிகாரி மன்னிப்புக் கேட்டிருந்தார். நன்றாகத் தேடிப் பார்த்ததாகவும், தங்களிடம் தட்டு எதுவும் இல்லை என்றும், மாமாவுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படியும் எழுதி, கீழே பேனையால் கையெழுத்திட்டிருந்தார்.

“ஆமிக்காரன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், அக்கா!”

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சப்பாத்தைக் கழற்றினார். அஜக்ஸ்காரருக்குத் தேநீர் கிடைத்தது. எனக்கு ஓர் அடிகூட விழவில்லை, அந்த நன்றி அம்மாவிடமும் மாமாவிடமும் எனக்கு இன்றும் உண்டு.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கமாகக் கூப்பிட்டார்.

“எப்பிடித் தொடங்கினனீ? அந்த முதல் வரியை எனக்கும் எழுதித் தா. மிச்சத்தை நான் எழுதுறன்.”

“உங்களுக்கும் தட்டுப் பாக்கவேணுமோ, அம்மா?”

“ஓம்,” என்றார்.

அம்மாவுக்கும் தட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில், ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று ஆங்கிலத்தில் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தேன். ஊரில் ஆமி வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போன தன் அண்ணனைக் கேட்டு அம்மா அங்குள்ள ஆமி முகாம்களுக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதியதும், ஒன்றுக்குமே பதில் வராததும் எனக்கு அப்போது தெரியாது.